லோடு 8 எம்விஏ தாண்டினால் டிஃபரென்ஷியல் டிரிப்: 10 எம்விஏ, 33/11 கேவி டிரான்ஸ்ஃபார்மர்

#1 சுருள்77

வணக்கம். 10 எம்விஏ, 33/11 கேவி, டிஒய்என்11 (33 கேவி எச்வி பக்கம் டெல்டா, 11 கேவி எல்வி பக்கம் ஸ்டார்), இம்பீடன்ஸ் 9%. எச்வி பக்கம் ஆன்லோடு டேப் சேஞ்சர், 17 டேப், ஒரு படிக்கு 1.25%. டேப் 1 = +5%, டேப் 5 = நார்மல், டேப் 17 = -15%.

நியூமெரிக்கல் ரிலே. 87 (டிஃபரென்ஷியல்) இரு பக்கக் கரண்டின் வித்தியாசத்தை (டிஃப்) பார்த்து டிரிப் போடும். செட்டிங்கில் எச்வி சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) 200/1, எல்வி சிடி 600/1. பிக்கப் 0.20 பியூ (முழு லோடு கரண்ட் = 1 பியூ). முதல் ஸ்லோப் (பயாஸில் எத்தனை சதவீதம் டிஃப் வரை பொறுக்கும் என்பது) 25%, பயாஸ் (வழியே ஓடும் கரண்டின் அளவு) 2.5 பியூவுக்கு மேல் இரண்டாம் ஸ்லோப் 60%. இன்ரஷுக்கான (சார்ஜ் பண்ணும் நொடியில் பாயும் காந்தமாக்கும் கரண்ட்) இரண்டாம் ஹார்மோனிக் பிளாக் 15%.

சார்ஜ் பண்ணும்போது டிரிப் ஆவதில்லை. குறைந்த லோடில் வாரக்கணக்கில் ஓடியது. இப்போது லோடு கூடியதும் நான்கு நாளில் மூன்று முறை 87 டிரிப். ஈவென்ட் ரெக்கார்டில் டிரிப் நேர எச்வி கரண்ட் 144, 146, 143 ஆம்ப். புகோல்ஸ் (டாங்க் வாயு ரிலே) அலாரம் இல்லை, ஆயில் டெம்பரேச்சர் நார்மல். ஒவ்வொரு முறையும் லாக்அவுட்டை ரீசெட் பண்ணி சார்ஜ் பண்ணினால் நிற்கிறது. எங்கே பார்ப்பது?

#2 பஸ்பார்

25% ரொம்ப டைட். டேப் சேஞ்சர் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மருக்கு 30% வைங்க, சத்தமில்லாம ஓடும். இன்ரஷ் பிளாக்கையும் ஒரு தடவை பாத்துடுங்க.

#3 நடுமுனை

இன்ரஷ் இல்லை. அது சார்ஜ் பண்ணும் நொடியில் வரும், லோடு ஏறும்போது வராது.

ஸ்லோப்பைத் தொடுவதற்கு முன்னால் ஒன்று. 87 டிரிப் ஆகி லாக்அவுட் விழுந்தால், காரணம் தெரியாமல் ரீசெட் பண்ணக்கூடாது. மூன்று முறை பண்ணியாகிவிட்டது. நான்காவது முறைக்கு முன் ஆயில் சாம்பிள் எடுத்து கரைந்த வாயு சோதனைக்கு அனுப்புங்கள். அசிட்டிலின் ஏறியிருந்தால் உள்ளே ஆர்க் நடந்திருக்கிறது என்று பொருள்; அப்போது இந்த இழையில் இனி வரப்போகும் எதுவும் உங்களுக்கு வேண்டாம். கூடவே வைண்டிங் ரேஷியோ, மெக்கர் (இன்சுலேஷன் சோதனை).

மூன்று டிரிப்பும் ஏறக்குறைய ஒரே கரண்டில் விழுந்திருக்கின்றன. உள்பழுது ஆம்மீட்டரைப் பார்த்துக்கொண்டு வராது. சிடி சர்க்யூட்டிலோ செட்டிங்கிலோ ஒரு நிலையான பிசகு இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. சோதனை சுத்தமாக வந்தபின் 50 சதவீத லோடில் ஓட்டி, ரிலே மெஷர்மென்ட் பக்கத்திலிருந்து இவற்றை எழுதிப் போடுங்கள்: இரு பக்கமும் மூன்று ஃபேஸ் கரண்ட், கோணம், டிஃப், பயாஸ், இரண்டாம் ஹார்மோனிக் சதவீதம், டேப் எண். பேனல் ஆம்மீட்டர் என்ன காட்டுகிறது என்பதையும் சேர்த்து.

#4 இரவுஷிப்ட்

ஒரு சந்தேகம் அண்ணா. எச்வி சிடி 200/1, எல்வி சிடி 600/1. முழு லோடு கரண்ட் எச்வியில 175, எல்வியில 525. ரெண்டையும் வகுத்தா 0.875 ஆம்ப்தான் வருது. ரேஷியோ அச்சா பொருந்துதே, அப்புறம் டிஃப் எங்கேருந்து வரும்?

#5 நடுமுனை

காகிதத்தில் பொருந்துகிறது. இரும்பில் பொருந்துகிறதா என்று ரீடிங் வந்தால் தெரியும்.

#6 சுருள்77

வாயு சோதனை முடிவு வந்துவிட்டது. அசிட்டிலின் இல்லை, ஹைட்ரஜன் போன மாத அளவிலேயே இருக்கிறது. ரேஷியோ, மெக்கர் சரி. லோடைப் பாதியில் கட்டுப்படுத்தி ஓட்டி எடுத்த ரீடிங், டேப் 5:

எச்வி: 91 / 91 / 90 ஆம்ப் (0.52 பியூ)
எல்வி: 205 / 205 / 204 ஆம்ப் (0.39 பியூ)
வெக்டர் திருத்தத்துக்குப் பிறகு கோண வித்தியாசம்: மூன்று ஃபேஸிலும் 180 டிகிரிக்கு ஒரு டிகிரி இப்படி அப்படி
டிஃப்: 0.13 / 0.13 / 0.12
பயாஸ்: 0.455
இரண்டாம் ஹார்மோனிக்: 1 சதவீதத்துக்கும் கீழே

பேனல் ஆம்மீட்டர், எல்வி: 273 ஆம்ப்.

#7 முழங்கால்_புள்ளி

கடைசி வரியிலேயே விடை இருக்கு. பேனல் மீட்டர் 273, ரிலே 205. 91 ஆம்பை 33/11-ஆல பெருக்கினா 273. அப்போ மீட்டர் சொல்றதுதான் நிஜம், ரிலேக்கு வர்றது முக்கால்வாசி. 205-ஐ 273-ஆல வகுங்க, 0.75. 600-ஐ 800-ஆல வகுத்தாலும் அதே 0.75.

அந்த எல்வி சிடியோட நேம்பிளேட்டைப் பாருங்க. 800-600/1-னு இரட்டை ரேஷியோவா இருக்கும். மீட்டரிங் கோர் 600-ல சரியா கட்டியிருக்கு, புரொட்டெக்ஷன் கோர் 800-ல கட்டியிருக்கு. ரிலே செட்டிங் 600.

#8 நடுமுனை

ஆம். டிரிப் கணக்கும் ஒத்துப்போகிறது. ரிலே எல்வியை எப்போதும் 0.75 பங்காகப் பார்க்கிறது, ஆகவே டிஃப் எந்த லோடிலும் அதன் கால் பங்கு. 0.20 பிக்கப்பைத் தொட 0.80 பியூ லோடு வேண்டும், அதாவது எச்வியில் 140 ஆம்ப். 143-இல் டிஃப் 0.204. பயாஸ் அப்போது 0.715, 25% போட்டால் 0.179, பிக்கப்பை விடக் குறைவு. எனவே விழுந்தது ஸ்லோப்பில் இல்லை, தட்டையான பிக்கப் பகுதியில்.

பயாஸை இந்த ரிலே இரு பக்கத்தின் சராசரியாக எடுக்கிறது (0.52-க்கும் 0.39-க்கும் நடுவில் 0.455). எல்லா ரிலேயும் அப்படி இல்லை. சில மாடல்கள் கூட்டுத்தொகையை எடுக்கும், சில பெரிய கரண்டை மட்டும். கூட்டுத்தொகை எடுக்கும் ரிலேயில் 25% என்பது சராசரி ரிலேயில் 50%. ஒரு ரிலேயின் செட்டிங்கை இன்னொன்றுக்கு அப்படியே நகலெடுக்கிற ஆட்கள் இந்த இடத்தில் அடிக்கடி வழுக்குகிறார்கள்.

#9 பஸ்பார்

சரி, காரணம் தெரிஞ்சுபோச்சு. ஆனா ஷட்டவுன் கிடைக்கிற வரைக்கும் 30% வெச்சு ஓட்டலாம்ல? கணக்குப் போட்டா தப்பு இல்ல. டிஃப்/பயாஸ் = 0.25/0.875 = 28.6%. 30%-க்கு உள்ளதான் இருக்கு.

#10 நடுமுனை

டேப் 5-இல் உள்ளே இருக்கிறது. லோடு ஏறினால் டேப் எந்தப் பக்கம் போகும்?

பஸ் வோல்டேஜ் விழும்; ரெகுலேட்டர் எச்வி சுற்றைக் குறைத்து டேப் 6, 7 என்று போகும். எச்வி சுற்று குறைந்தால் அதே எல்வி கரண்டுக்கு எச்வி கரண்ட் கூடும். டேப் 7 என்பது -2.5%, எச்வி 1/0.975 = 1.026. எல்வி ரிலே கண்ணுக்கு 0.75. டிஃப் 0.276, பயாஸ் 0.888, விகிதம் 31%. முடிந்தது. பிக்கப் 0.20 என்றால் எல்வியில் 73% லோடிலேயே விழும், முன்பை விடச் சீக்கிரம். 30% வைத்தால் சத்தம் நிற்காது, நேரம் மாறி வரும்.

அடுத்தது வெளிப்பழுது. ஃபீடரில் எங்கோ ஒரு ஃபால்ட், டிரான்ஸ்ஃபார்மர் வழியே 2.86 பியூ போகிறது என்று வையுங்கள். டிஃப் 0.715, பயாஸ் 2.5, 30% கோடு 0.75. இடைவெளி 0.035 பியூ. ஒரு சிடி இரண்டு சதவீதம் பிசகினால் போதும், எங்கோ உள்ள ஃபீடர் பழுதுக்கு டிரான்ஸ்ஃபார்மர் மொத்தமாக வெளியே போகும். எல்வி பஸ் பழுதில், சோர்ஸ் இம்பீடன்ஸை விட்டுவிட்டால், 11.1 பியூ: டிஃப் 2.78, பயாஸ் 9.72, கோடு 0.75 + 0.6 × 7.22 = 5.08. விழாது, ஆனால் சிடி சாச்சுரேஷனுக்கென்று (கோர் நிரம்பி சிடி குறைவாகக் காட்டுவது) ஒதுக்கிய இடத்தில் பாதிக்கு மேல் ஒரு வயரிங் தவறு தின்றுவிட்டது.

#11 பஸ்பார்

டேப் விஷயம் யோசிக்கல. ஒத்துக்கறேன்.

#12 இரவுஷிப்ட்

அப்போ நார்மலா ஸ்லோப் 25%-னு எப்படி முடிவு பண்றாங்க? எல்லா புக்கிலயும் 20லேருந்து 40-னு போட்டிருக்கு, ஏன்னு இல்ல.

#13 நடுமுனை

டேப்பின் கடைசி முனையில் கணக்குப் போடுங்கள். -15%-இல் எச்வி 1.176, எல்வி 1. டிஃப் 0.176, பயாஸ் 1.088, விகிதம் 16.2%. அதன்மேல் இரு பக்க சிடி பிசகு, ரிலேயின் அளவீட்டுப் பிசகு, காந்தமாக்கும் கரண்ட் ஒன்றிரண்டு சதவீதம், கொஞ்சம் கைக்காவல். 25-க்கு அருகில் வந்து நிற்கும்.

இந்த டிரான்ஸ்ஃபார்மரில் டேப் வீச்சு +5-இலிருந்து -15 வரை, அதாவது நடு டேப் 5 இல்லை; டேப் 9, -5%. ரிலேயின் எச்வி வோல்டேஜ் செட்டிங்கை 33 என்று போடாமல் 31.35 என்று போட்டால் இரு முனையிலும் பிசகு பகிர்ந்துகொள்ளப்படும்: -15%-இல் 11.1%, +5%-இல் 10%. அப்படிச் செய்தால் நார்மல் டேப்பில் எப்போதும் ஐந்து சதவீதம் டிஃப் தெரியும், அடுத்து வருகிறவர் அதைப் பழுது என்று நினைத்துத் தேடுவார். செட்டிங் ஷீட்டில் எழுதி வைக்கிற பழக்கம் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

சிடி பிசகைப் பற்றி முழங்கால் சொல்லட்டும்.

#14 முழங்கால்_புள்ளி

டிஃபரென்ஷியலுக்கு பிஎக்ஸ் கிளாஸ் சிடின்னா சுற்று விகிதப் பிசகு 0.25%-க்கு மேல போகக்கூடாது. 5பி கிளாஸ்ல ரேட்டட் கரண்ட்ல 1%, லிமிட் ஃபேக்டர் கரண்ட்ல கூட்டுப்பிசகு 5%. 10பி-ன்னா 3%, 10%. அதனால ஒரு பக்கம் பிஎக்ஸ், இன்னொரு பக்கம் 10பி-னு கலக்கறது நல்லதில்ல. ஃபால்ட் நேரத்துல ஒண்ணு சாச்சுரேட் ஆகும், இன்னொண்ணு ஆகாது. வித்தியாசம் முழுசும் டிஃபா வந்து நிக்கும்.

முழங்கால் புள்ளின்னா, வோல்டேஜை 10% கூட்டினா எக்சைட்டிங் கரண்ட் 50% கூடற இடம். இரட்டை ரேஷியோ சிடியில அது டேப்போட சேர்ந்து மாறும். 800 டேப்ல 200 வோல்ட் இருந்தா 600 டேப்ல 150 தான். சுருள்77, நேம்பிளேட்ல இது எந்த டேப்புக்குப் போட்டிருக்குன்னு பாருங்க.

#15 சுருள்77

நேம்பிளேட் படம் அனுப்பச் சொல்லி வாங்கினேன். 800-600/1-1. கோர் 1 மீட்டரிங், கோர் 2 பிஎக்ஸ். முழங்கால் வோல்டேஜ் 200, சிடி ரெசிஸ்டன்ஸ் 4 ஓம், இரண்டும் 800 டேப்பில் என்று எழுதியிருக்கிறது. எஸ்1-எஸ்2 600, எஸ்1-எஸ்3 800.

கேள்வி: கமிஷனிங் ரிப்போர்ட்டில் டிஃபரென்ஷியல் டெஸ்ட் முழுவதும் பாஸ். ஸ்லோப் வளைவு புள்ளிக்குப் புள்ளி சரியாக வந்திருக்கிறது. இது எப்படித் தப்பியது?

#16 முழங்கால்_புள்ளி

செகண்டரி இன்ஜெக்ஷன் பண்ணியிருப்பாங்க. டெஸ்ட் பிளாக்ல டெஸ்ட் கிட்டை மாட்டி 0.875 ஆம்ப் விட்டா ரிலே 525 ஆம்ப்னு காட்டும், பாஸ். அந்த டெஸ்ட் பாக்கறது டெஸ்ட் பிளாக்குக்கு முன்னாடி இருக்கிற ரிலேயை. பின்னாடி இருக்கிற வயரையும் சிடியையும் அது தொடவே இல்ல.

இதைப் பிடிக்க மூணு வழி இருக்கு. பிரைமரி இன்ஜெக்ஷன்: எல்வி சிடி வழியா 100 ஆம்ப் விட்டு ரிலே டெர்மினல்ல அளந்தா 600-ல 0.167, 800-ல 0.125 ஆம்ப் வரணும். அடுத்தது ஷட்டவுன்ல சிடியைக் கழட்டி எஸ்1-எஸ்3-க்கு 100 வோல்ட் ஏசி குடுத்து எஸ்1-எஸ்2-ல அளக்கறது. 75 வோல்ட் வந்தா மார்க்கிங் சரி. முழங்காலுக்குக் கீழ இருக்கணும், 200-க்கு 100 போதும்.

மூணாவதுதான் நான் விடாம கேக்கறது, ஷார்ட் சர்க்யூட் ஸ்டெபிலிட்டி. எல்வியை சிடிக்கு அப்பால ஷார்ட் பண்ணி, எச்வியில 400 வோல்ட் மூணு ஃபேஸ் குடுங்க. 9% இம்பீடன்ஸ்ல எச்வி கரண்ட் சுமார் 23.6 ஆம்ப், எல்வி 70.7. செகண்டரியில ரெண்டு பக்கமும் 0.118 ஆம்ப் வரணும். 800-ல கட்டியிருந்தா எல்வி 0.088 காட்டும், அந்த நிமிஷமே தெரிஞ்சிருக்கும். சப்ளைக்கு 16-17 கேவிஏ வேணும், சின்ன ஜெனரேட்டர் போதும்.

டிஃப் பூஜ்ஜியம் பாத்ததோட நிறுத்தாதீங்க. ஒரு பக்க சிடியை வேணும்னே தலைகீழா மாத்தி டிஃப் ரெட்டிப்பா வருதான்னும் பாக்கணும். இல்லன்னா ரிலேக்கு கரண்டே வராம பூஜ்ஜியம் காட்டினாலும் பாஸ்னு எழுதிடுவோம். மாத்தினதைத் திரும்ப மாத்தணும்னு நான் சொல்லவேண்டியதில்ல. ஆனா மறக்கறவங்க இருக்காங்க.

#17 இரவுஷிப்ட்

மூணு ஃபேஸ்லயும் சமமா கால் பங்கு வந்தா ரேஷியோன்னு புரிஞ்சுது. வேற பேட்டர்ன் வந்தா என்னன்னு ஒரு கணக்கு இருக்கா?

#18 நடுமுனை

இருக்கிறது. டிஒய்என்11, ஸ்டார் பக்கத்தில் திருத்தம் செய்கிற நியூமெரிக்கல் ரிலே, சமநிலையான லோடு என்ற நிபந்தனையோடு. லோடு கரண்டை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஃபேஸிலும் 2 வந்தால் ஒரு பக்கம் மொத்தமும் தலைகீழ். சிடியின் பி1 எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் ரிலேயின் ஸ்டார் பாயிண்ட் செட்டிங்கும் ஒத்துப்போகவில்லை. மூன்றிலும் 1 வந்தால் 60 டிகிரிப் பிசகு, 11-க்குப் பதிலாக 1 என்று வெக்டர் குரூப் போட்டிருக்கிறார்கள். மூன்றிலும் 0.52 வந்தால் 30 டிகிரி, அதாவது திருத்தமே செய்யவில்லை.

சமமில்லாமல் வந்தால் ஸ்டார் பக்கத்தில் ஒற்றை ஃபேஸ் விவகாரம். திருத்தம் இரண்டு ஃபேஸைக் கழிப்பதால் ஒரு சிடியின் தவறு இரண்டு ஃபேஸில் தெரியும். இரண்டில் 1.155, மூன்றாவதில் பூஜ்ஜியம் என்றால் ஒரு எல்வி சிடி தலைகீழ். இரண்டில் 0.577, மூன்றாவதில் பூஜ்ஜியம் என்றால் ஒரு எல்வி சிடியிலிருந்து கரண்டே வரவில்லை: ஷார்ட் லிங்க் எடுக்கவில்லை, அல்லது திறந்திருக்கிறது. எல்வியில் இரண்டு ஃபேஸ் வயர் இடம் மாறியிருந்தால் ஒன்றில் 2, மற்ற இரண்டில் 1. எச்வி டெல்டா பக்கத்தில் கழித்தல் இல்லாத ரிலேயில் ஒரு சிடி தலைகீழ் என்றால் அந்த ஒரு ஃபேஸில் மட்டும் 2.

உள்பழுது இந்த எண்கள் எதிலும் உட்காராது. சுற்றுக்குள் ஷார்ட் ஆனால் வரும் டிஃப், லோடைக் குறைத்தாலும் குறையாது. ரேஷியோப் பிசகு லோடோடு ஏறி இறங்கும். முதல் ரீடிங் எடுத்ததும் லோடை மாற்றி இரண்டாவது ரீடிங் எடுக்கச் சொல்வது அதற்காகத்தான்.

#19 சுருள்77

இப்போது முடிவு எடுக்க வேண்டியது: ரிலேயில் 800 என்று மாற்றுவதா, வயரை எஸ்2-க்கு மாற்றுவதா? செட்டிங் மாற்ற ஷட்டவுன் வேண்டாம்.

#20 பஸ்பார்

செட்டிங்தான். அஞ்சு நிமிஷ வேலை. முழு லோடுல செகண்டரி 0.656 ஆம்ப் வரும், 1 ஆம்ப் ரிலேக்குத் தாராளம்.

#21 முழங்கால்_புள்ளி

இந்தத் தடவை பஸ்பார் சொல்றதுல தப்பில்ல. 800-ல முழங்கால் முழுசா 200 இருக்கு. தேவை எவ்வளவு? எல்வி ஃபால்ட் 5832 ஆம்ப், 800-ஆல வகுத்தா 7.29. சிடி 4 ஓம், லீடு போகவர 2 ஓம்னு வெச்சா 2 × 7.29 × 6 = 87 வோல்ட். 600-ல 9.72 × (3+2) × 2 = 97 வோல்ட், கையில இருக்கிறது 150. ரெண்டுமே போதும். 800-ல கொஞ்சம் கூடவே இடம்.

லீடு 2 ஓம்னு நான் வெச்சது ஊகம், நீங்க அளந்து போடுங்க. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புன்னா மீட்டருக்கு 7 மில்லி ஓம் சுமார், போகவர ரெட்டிப்பு.

#22 நடுமுனை

முழங்கால் கணக்கு சரி. ஆனால் அந்த கோரில் 87 மட்டுமா இருக்கிறது? அதே ரிலேயில் எல்வி ஓவர்கரண்ட், தெர்மல் ஓவர்லோடு எதுவும் ஓடுகிறதா?

#23 சுருள்77

ஓடுகிறது. எல்வி 51 (ஓவர்கரண்ட்): பிக்கப் 600 ஆம்ப், ஸ்டாண்டர்ட் இன்வர்ஸ், டிஎம்எஸ் (நேரப் பெருக்கி) 0.1. எச்வி 51: பிக்கப் 200 ஆம்ப், டிஎம்எஸ் 0.2. எச்வி இன்ஸ்டன்டேனியஸ் 2500 ஆம்ப். தெர்மல் இல்லை.

#24 நடுமுனை

அப்படியென்றால் டிஃபரென்ஷியல் கத்தியதால்தான் இது வெளியே வந்திருக்கிறது. இன்னொன்று சத்தமில்லாமல் தவறாக இருந்திருக்கிறது. எல்வி 51 உங்கள் ஷீட்டில் 600, நிஜத்தில் 800 ஆம்பில்தான் எழும்பும்.

கிரேடிங்கைப் (எல்வி முதலில், எச்வி பிறகு விழுவதற்கான நேர இடைவெளி) பாருங்கள். நேரம் = டிஎம்எஸ் × 0.14 / (மடங்கின் 0.02 அடுக்கு − 1). எல்வி பஸ்ஸில் மூன்று ஃபேஸ் பழுது, 5832 ஆம்ப். காகிதத்தில் மடங்கு 9.72, எல்வி நேரம் 0.30 நொடி. எச்வியில் 1944 ஆம்ப், 200-க்கு அதே 9.72 மடங்கு, 0.60 நொடி. இடைவெளி 0.30. நிஜத்தில் எல்வி மடங்கு 7.29, நேரம் 0.345. இடைவெளி 0.255.

இரண்டு ஃபேஸ் பழுது இன்னும் மோசம். டெல்டா-ஸ்டாரில் எல்வி ஃபேஸ்-ஃபேஸ் பழுது கரண்ட் மூன்று ஃபேஸ் பழுதின் 0.866 பங்கு, ஆனால் எச்வியில் ஒரு ஃபேஸ் முழு 1944-ஐயே பார்க்கும். எல்வி மெதுவாகும், எச்வி மெதுவாகாது. எல்வி 5051 ஆம்ப், 800-க்கு 6.31 மடங்கு, 0.373 நொடி. எச்வி 0.60. மிச்சம் 0.23. எல்வி பிரேக்கர் திறந்து ஆர்க் அணைவதற்குள் எச்வியும் விழலாம்.

#25 இரவுஷிப்ட்

600-ஆ சரி பண்ணினா அந்த ஃபேஸ்-ஃபேஸ் இடைவெளி எவ்வளவு?

#26 நடுமுனை

எல்வி 8.42 மடங்கு, 0.32 நொடி. இடைவெளி 0.28. அதுவும் 0.3-க்குக் கீழேதான், மூன்று ஃபேஸ் பழுதை மட்டும் வைத்துக் கிரேடிங் போட்டிருக்கிறார்கள். எச்வி டிஎம்எஸ்ஸை 0.21 ஆக்கினால் 0.63 நொடி, இடைவெளி 0.31. இன்ஸ்டன்டேனியஸ் 2500 சரி, 1944-க்கு 1.29 மடங்கு, எல்வி பழுதுக்கு எட்டாது. இன்ரஷுக்கு நிற்கிறதா என்று ஒரு சார்ஜிங் ரெக்கார்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனவே என் ஓட்டு: இன்றைக்கே ரிலேயில் சிடி ரேஷியோவை 800 என்று போடுங்கள். நிஜத்தில் உள்ளதை ரிலேக்குச் சொல்வதுதான் அது. உங்கள் ரிலேயில் 51 பிக்கப் பிரைமரி ஆம்பில் இருந்தால் தானாகச் சரியாகும். சிடி செகண்டரியின் மடங்காக இருந்தால் 1.0 என்பது 800 ஆகிவிடும், 0.75 என்று கையால் மாற்றவேண்டும். இதை மறந்தால் பாதி வேலைதான். பிறகு ஷட்டவுன் கிடைக்கும்போது டிராயிங்கில் உள்ளபடி எஸ்2-க்கு மாற்றி செட்டிங்கை 600 ஆக்குங்கள், அல்லது 800-லேயே விட்டு டிராயிங், செட்டிங் ஷீட், டெர்மினல் ஃபெரூல் (வயர் எண் உறை) மூன்றையும் திருத்துங்கள். எதைச் செய்தாலும் மூன்றும் ஒன்றையே சொல்லவேண்டும்.

#27 முழங்கால்_புள்ளி

வயர் மாத்தறதா இருந்தா சில விஷயம்.

ரெண்டு பக்க பிரேக்கரும் ஆஃப், ராக் அவுட், எர்த் ஆனபிறகுதான் சிடி சேம்பரைத் திறக்கணும். பேனல் பக்கம் முதல்ல டிரிப் லிங்க், அப்புறம் சிடி. வரிசை மாறினா கை பட்டு டிரிப் போகும். ஓடிட்டிருக்கிற சிடி சர்க்யூட்ல ஏதாவது பண்ணறதா இருந்தா ஷார்ட்டிங் லிங்க்கை முதல்ல போட்டு, ரிலேயில அந்தக் கரண்ட் பூஜ்ஜியத்துக்கு வந்ததைப் பாத்தப்புறம்தான் டெர்மினலைத் திறக்கணும். பிரைமரியில கரண்ட் ஓடும்போது செகண்டரி திறந்தா அந்த முனையில கிலோவோல்ட் கணக்குல வரும்.

எஸ்3-லேருந்து எஸ்2-க்கு மாத்தினதும் எஸ்3 சும்மா நிக்கும். அதை அப்படியே விடுங்க. "உபயோகிக்காத சிடியை ஷார்ட் பண்ணு"-ன்னு படிச்ச ஞாபகத்துல எஸ்2-எஸ்3-ஐ ஷார்ட் பண்ணினா சிடி மொத்தமும் ஷார்ட் ஆன கதைதான். ரிலேக்குக் கரண்ட் வராது. ஷார்ட் பண்ணணும்கிறது உபயோகிக்காத முழு கோருக்கு, டேப்புக்கு இல்ல.

எர்த் ஒரே இடத்துல. எர்த் லிங்க்கை எடுத்து 500 வோல்ட் மெக்கர் போட்டா இன்னொரு எர்த் எங்கயாவது ஒளிஞ்சிருந்தா தெரிஞ்சிடும். ரிலே இன்புட்டைப் பிரிச்சுட்டுப் போடுங்க. முடிச்சதும் எர்த் லிங்க்கைத் திரும்பப் போடுங்க.

டிசி வெச்சு சிடி ரெசிஸ்டன்ஸ் அளந்தா கோர்ல மிச்சக் காந்தம் தங்கும். ஏசி வோல்டேஜை முழங்கால் வரைக்கும் ஏத்தி மெதுவா பூஜ்ஜியத்துக்கு இறக்கி அதைப் போக்கிட்டு மூடுங்க.

#28 பஸ்பார்

87-ஐ பிளாக் பண்ணி செட்டிங் மாத்தற அந்த நேரத்துக்கு டிரான்ஸ்ஃபார்மரை யாரு காப்பாத்தறது?

#29 நடுமுனை

புகோல்ஸ், ஆர்ஈஎஃப் (ரெஸ்ட்ரிக்டட் எர்த் ஃபால்ட்), எச்வி இன்ஸ்டன்டேனியஸ். மூன்றும் உள்ளே இருக்கிறதென்று, டிரிப் சர்க்யூட் சூப்பர்விஷன் ஹெல்த்தி என்று பார்த்துவிட்டுத்தான் 87-ஐ எடுக்கவேண்டும். ஆர்ஈஎஃப் இதே ரிலேயில் இதே கோரிலிருந்து ஓடினால் அதுவும் கூடவே போகும், கணக்கில் சேர்க்காதீர்கள். சில ரிலே செட்டிங் ஏற்றும் சில நொடிக்கு எல்லாப் பாதுகாப்பையும் நிறுத்தி ரீஸ்டார்ட் ஆகும். மேனுவலில் பார்த்துவிட்டு, லோடு குறைந்த நேரத்தில் செய்யுங்கள்.

#30 சுருள்77

ஆர்ஈஎஃப் தனி ரிலே, தனி கோர், நியூட்ரல் சிடியும் 600/1. முதலில் ரிலேயில் 800 போட்டு ஓட்டினோம். ஷட்டவுன் கிடைத்ததும் சேம்பரைத் திறந்தபோது மூன்று ஃபேஸிலும் வயர் எஸ்3-இல். ஃபெரூலில் மட்டும் எஸ்2 என்று அச்சடித்திருக்கிறது. எஸ்2-க்கு மாற்றி, 75 வோல்ட் டெஸ்ட் பார்த்து, ரிலேயில் 600 ஆக்கினோம். எச்வி டிஎம்எஸ் 0.21.

இப்போதைய ரீடிங், டேப் 5: எச்வி 98 ஆம்ப், எல்வி 294, இரண்டும் 0.56 பியூ. டிஃப் மூன்று ஃபேஸிலும் 0.01. பேனல் மீட்டர் 293.

சாயங்காலம் டேப் 9 போனபோது எல்வி அதே 0.56-இல் டிஃப் 0.03 ஆனது. இது சரியா?

#31 முழங்கால்_புள்ளி

சரிதான். -5% டேப்ல எச்வி 0.589, எல்வி 0.56, வித்தியாசம் 0.029. அது டேப்போட பங்கு, வயரிங் இல்ல. டேப் 5-க்குத் திரும்பும்போது 0.01-க்கு வருதான்னு மட்டும் பாருங்க.

#32 சுருள்77

வந்துவிட்டது, 0.01. அதே ஃபெரூல் ரீலில் அச்சடித்த பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் சேம்பரையும் அடுத்த ஷட்டவுனில் திறக்கச் சொல்லியிருக்கிறேன். அது இப்போது 40% லோடில் ஓடுகிறது, ரிலேயில் டிஃப் 0.10.

#33 நடுமுனை

0.40-இல் கால் பங்கு 0.10. ஷட்டவுனுக்குக் காத்திருக்காமல் அதன் பேனல் மீட்டரையும் ரிலேயின் எல்வி கரண்டையும் இன்றைக்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.